வசனம் கேட்காத ஸ்டீரியோ

கல்யாணமான புதிதில் சிட்லபாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வி.சி.ஆரை ஸ்டீரியோவோடு இணைத்துப் படம் பார்ப்போம். பாட்டு வீட்டையே அதிரவைக்கும். வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் மனைவிக்கு வலது காது மந்தமாகியிருந்தது. "என்ன சொன்னான்?" என்று என் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் அவளுடைய இடது காதோரம் குனிந்து சொல்வேன். எனக்கும் கேட்காத இடங்களில் சொந்தமாக இட்டுக்கட்டுவேன். "சாம்பார்ல உப்பு பத்தலைன்னு வில்லன் கோச்சுக்கறான்" என்றால் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

மறைமலை நகரில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் ஒருநாள் வந்தார். இரண்டு ஸ்பீக்கரையும் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்திக் குடுத்திருக்கீங்க. அதான் பேச்சு அமுங்கிப் போகுது."

அவர் சரிசெய்ததும் குரல்கள் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தன. "எல்லாம் கேக்குதுண்ணா!" என்று அவள் கைதட்டினாள்.

அடுத்த வாரத்திலிருந்து ஜன்னலோர நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை அவள் காபி போடப் போனபோது, ஒயரை மறுபடி மாற்றிவிடலாம் என்று ஸ்பீக்கருக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். அவள் முகத்தில் பார்த்த சந்தோஷம் ஞாபகம் வர, கையை எடுத்துவிட்டேன்.

இப்போது அவள் இல்லை. பக்கத்தில் வந்து உட்காரேன் என்று அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.