நிற்கக் கூடாத கால்

தோளில் தொங்கும் சின்னப் பெட்டி கீச்சிட்டால் ரதிசாவ் அதைத் தட்டிக்கொடுப்பார். "மாப்பிள்ளைக்கு எங்கயோ காத்து போகுது" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொல்லிக்கொண்டே, இடது பாதத்துக் கட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி நீவுவார். பெட்டியின் குழாய் எந்நேரமும் புண்ணின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். நிஜ மாப்பிள்ளைக்கும் இது தெரியும்.

ரதிசாவ் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தது. போன வருடம் புனித நிக்கோலா திருநாளில், எங்கள் செர்பிய வழக்கப்படி, கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுத் தலைவராக நின்றபடியே பரிமாறினார். புது பூட்ஸ் கடித்தது உறைக்கவே இல்லை. அந்தப் புண்ணில் ஒரு விரல் போனது. வெட்டிய இடம் ஆற மறுத்தது.

நர்ஸ் விதோசாவா வந்து புண்ணைக் கழுவி, களிம்பு தடவி, ஸ்பாஞ்ச் வைத்து மூடி, குழாயை மாட்டுவாள். களிம்பா, மெஷினா, ஒன்றைச் சொல் என்று இவர் மல்லுக்கு நின்றார்.

"களிம்பு கிருமியப் பாத்துக்கும், மெஷின் நீரை இழுக்கும். ரெண்டும் சேந்தாத்தான் சதை வளரும். நீங்க அது மேல ஏறி நின்னா ரெண்டும் தண்டம், மாமா. அப்புறம் பாதமே போயிடும்."

அன்றிலிருந்து அவர் இடது காலைத் தரையில் ஊன்றவில்லை. ஊரறிந்த பிடிவாதம் முதன்முறையாக உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை எட்டிப் பார்த்ததும் கைபேசியில் படமெடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடமும் காட்டினார்.

மறுபடி திருநாள் வந்தது. மெழுகுவத்தி எரிந்தது, கெண்டை மீன் மணத்தது, வீட்டுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நெளிந்தார்கள். கடைசியாக ஸ்வெதோமிர் வந்தார். ரதிசாவின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். அந்த உறவுக்குத்தான் பந்தியில் முதல் நாற்காலி.

"உங்கப்பா காய்ச்சலோடகூட நின்னாருப்பா" என்றார்.

ரதிசாவின் காது சிவந்தது. கை மேசையை ஊன்றியது. எழுந்துவிடுவார் என்று நான் அவரைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

அவர் அந்த முதல் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். அதன்மேல் தலையணை போட்டு, கட்டுப்போட்ட காலை இரு கையாலும் தூக்கி வைத்தார். பிறகு பிராந்திப் புட்டியை ஸ்வெதோமிரின் கையில் திணித்தார்.

"இந்த வருஷம் நீ நில்லு. எல்லாருக்கும் ஊத்து."