காது தொடாத கையோடு ஆவடியிலிருந்து பாடி வரை

1993 ஜூன், பள்ளிகள் திறந்த முதல் வாரம். என் மகள் வசந்திக்கு அப்போது ஏழு வயது. பிறவியிலேயே கை கால் விறைப்பு, பேச்சும் தாமதம். நகரத்துக்குள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது, அங்கே விடுங்கள் என்றார்கள் எல்லோரும். மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கட்டும் என்பது என் பிடிவாதம். அதே பிடிவாதத்தோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆவடியில், எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கமே இரண்டு பள்ளிகளில் கேட்டோம். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயதாகிவிட்டது என்று கணக்கு. வசந்தியின் கை தோளுக்கு மேல் எழும்பாது. "சின்னப் பிள்ளையா இருக்கு, அடுத்த வருஷம் வாங்க" என்றார்கள். ஏழு வயது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

பாடியில் ஒரு பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் காலை 7.40 மின்சார ரயிலைப் பிடித்தோம். இறங்க வேண்டிய அம்பத்தூர் ஏழு கிலோமீட்டர்தான், ஆனால் கூட்டம் பிதுங்கும். குழந்தையோடு போகிறவர்கள் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். அங்கிருந்து பாடிக்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய்.

"இஸ்கூல்ல சேக்கவா இட்டுகினு போற?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"ஆமா."

"எதுனா சொல்வாங்க. உட்டுக் குடுக்காதக்கா."

பாடிப் பள்ளியிலும் அதே காதுப் பரீட்சை. வசந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். தலைமையாசிரியை உதட்டைப் பிதுக்கினார்.

"டீச்சர், பாடத்தைக் காதால கேட்டாப் போதாதா? தொட்டு வேற காட்டணுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விழுந்து வெச்சா யாரும்மா பொறுப்பு?"

"எல்லாப் பிள்ளையும்தான் விழுது. மத்தியானம் நானே வந்து சோறு ஊட்டிட்டுப் போறேன்."

வசந்தி வாயைத் திறந்தாள். "விழுந்தா... அழ... மாட்டேன்."

தலைமையாசிரியை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றாம் வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டு, "முதல் பெஞ்சுல உக்கார வைங்க. ஒரு மாசம் பாக்கலாம்" என்றார். அந்த ஒரு மாதம் ஐந்து வருடம் ஓடியது.

கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை: காலை மணி அடிப்பதற்கு முன்பே போய்விடுங்கள். குழந்தையை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசாதீர்கள். முடியாது என்று சொல்கிறவர் அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.