தம்பிக்குப் போட்ட நாற்காலி

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றியது. தாம்பரத்தில் நாங்கள் இருந்தது மாடிப் போர்ஷன். படி ஏறாத வீடாகத் தேடி, ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தோம். அம்மா, நான், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பி, மூவரும் பார்க்கப் போனோம். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. குடும்பம் என் சம்பளத்தில் நடந்தது.

வீட்டுக்காரர் கழனியை மனை மனையாக விற்று, மிச்சத்தில் வரிசையாக வீடு கட்டியவர். ஆளைப் பார்த்ததுமே எடைபோட்டுவிடும் திறமை தனக்கு உண்டென்று நம்பினார். அந்தத் திறமைக்கு ஒரு மீசை போதும். தம்பிக்கு அப்போதுதான் அரும்பியிருந்தது. நாற்காலி அவனுக்கு வந்தது. அவன் எழுந்து அம்மாவை உட்காரச் சொன்னான்.

“நீ குந்து தம்பி. அவங்களுக்கு பாய் கீது.”

அம்மாவால் தரையில் உட்கார முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மே மாசம் கெணத்துல தண்ணி இருக்குமா?” என்று கேட்டேன்.

“வத்தவே வத்தாது தம்பி,” என்றார் அவனிடம். “இன்னா வேல பாக்குற?”

“படிக்கிறேன் சார். அக்காதான் வேலைக்குப் போறாங்க.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கழுத்து, பிறகு கால்விரல். தாலியும் மெட்டியும் இல்லையென்று தெரிந்ததும் பார்வை திரும்பிவிட்டது. “அக்காவுக்கு இன்னும் முடிக்கலியா? சரி, வூடு உன் பேர்ல இருக்கட்டும்.”

பொறுத்துக்கொண்டேன். முட்டாளின் வீடானாலும் படி இல்லாத வீடு.

தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. “பால் காய்ச்சற அன்னிக்கு அம்மா மொதல்ல உள்ள வர வேணாம். சுமங்கலியா யாரையாவது இட்டுகினு வா. புது வூடு பாரு.”

அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

“சாவியக் குடுத்துட்டு வாடா,” என்றாள் அம்மா.

“இன்னா தம்பி, பெரியவங்க இதுக்குப் போயி கோச்சிக்கிறாங்க?” அப்போதும் அவனைத்தான் கேட்டார்.

“கோவம்லாம் இல்லைங்க,” என்று அம்மாவே பதில் சொன்னாள். “என் காலு ஆகாத வீட்டுக்கு என் பொண்ணு எதுக்கு வாடகை குடுக்கணும்?”

அன்று மாலை எங்கள் மாடிப்படியின் நடுவில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். தம்பி கை நீட்டினான். சற்று நேரம் கழித்து, கைப்பிடிச் சுவரைப் பற்றித் தானே எழுந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்தப் படியில்தான் ஏறி இறங்கினாள்.