கம் பாட்டிலும் வெனிஸும்

ஒரத்தநாடு பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்த ஊராட்சித் தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடியோடு வெனிஸ் குடியரசின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். நடுவே, ஏற்கெனவே யாரோ பிரித்திருந்த அரசுக் கவரை எடுத்து, கம் தடவி ஒட்டினார். காய்ந்ததும் தானே கிழித்துப் படித்தார்.

"ஏங்க இப்படி?" என்றேன்.

"அந்தக் காலத்து வெனிஸ்ல நாட்டுத் தலைவரே வெளிநாட்டுக் கடுதாசியைத் தனியாப் பிரிக்கக் கூடாதாம். ஆலோசகருங்க கூட இருக்கணுமாம். கப்பல் விட்டுக் கடலையே ஆண்டவங்க, தலைவரை மட்டும் நம்பல."

"உங்க ஊர்ல?"

"எங்க வீட்டுக்காரர் தனியாவே பிரிச்சிடுவாருங்க. ஓட்டு வாங்கினதுதான் நான்."

நிறுத்தத்தில் கணவர் ஸ்கூட்டரோடு நின்றார். தலைவி கம் பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். அந்த கம்மை ஒருநாளாவது கணவருடைய ஸ்கூட்டர் சீட்டில் தடவாமல் எப்படி இருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.