சார்ஜில் நின்ற சின்ன வண்டி

கார் விற்கிற தொழிலில் காரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும்; வந்திருக்கும் குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்று தெரிந்துகொள்ளத்தான் வருடக்கணக்காகும். கோவை அவிநாசி சாலையில் ஒரு மின்சார கார் ஷோரூமில் நான் கற்றது அதைத்தான். மாதக் கடைசியில் டார்கெட் கழுத்தைப் பிடிக்க, வேண்டாத ஒன்றை யார் தலையிலாவது கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

சத்தம் போடாத வண்டி

எங்களிடம் இருந்தவை இரண்டே ரகம். ஒன்று சின்னது. சந்துபொந்தெல்லாம் நுழையும், வீட்டு பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கினால் விடியும்போது நிறைந்திருக்கும். இன்னொன்று எஸ்.யூ.வி. அது ஒரு சார்ஜில் இரண்டு மடங்கு தூரம் போகும், நின்றாலே பாதி ரோட்டை அடைத்துக்கொள்ளும்.

நான் சேர்ந்த புதிதில் பெருந்துறையில் மில் வைத்திருந்த ஒருவர் வந்தார். வீட்டுக்கும் மில்லுக்கும் ஆறு கிலோமீட்டர்தான். சின்னதே தாராளம் என்று உண்மையைச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தார், வாயாரப் புகழ்ந்தார், பெரியதை புக் செய்தார். ஏன் என்று கேட்டேன்.

"வண்டி சத்தமும் போடாது, சிறுசாவும் இருந்துச்சுன்னா, நாம வந்து எறங்குனதே ஒருத்தனுக்கும் தெரியாதுங்களே."

முடிச்சுப் போட்ட கயிறு

அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் கோகிலா டீச்சருக்கு நல்லது நடந்திருக்கும்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு அவருக்கு. வேலை காரமடையில் ஒரு பள்ளிக்கூடத்தில். தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். லைசென்ஸ் எடுத்துவிட்டுத் தனியாக வந்திருந்தார். கைப்பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். வீட்டுக்குப் போகும் இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட ஒற்றைத் தடம், எங்கே ரொம்பக் குறுகலோ அங்கே அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த கயிறு. இரண்டு வண்டிகளையும் கண்ணாடிக்குக் கண்ணாடி அளந்தார். சின்னதற்கு ஒரு முழம் மிச்சம். பெரியதற்கு நாலு விரல்.

சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதே, என்ன அர்த்தம் என்று கேட்டார். நிறைந்துவிட்டது, எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று விளக்கினேன். ஓட்டிப் பார்க்கலாமா என்றார். பெண்கள் தனியாக வந்தால் நாங்கள் சொல்கிற வழக்கமான பதில் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு வாங்க என்றேன். அவர் சின்ன வண்டியின் ஸ்டியரிங்கை ஜன்னல் வழியாகத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு இது போதுமுங்க. பதினாறு வருசமா பஸ்ஸுக்கு நின்னு காலு ரெண்டும் போச்சுங்க."

ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய்

வீட்டுக்காரர் நல்ல மனிதர். மனைவி கேட்டதையே வாங்கித்தரத்தான் வந்திருந்தார். பேச்சுவாக்கில், அடுத்த மாதம் தங்கை மகளுக்குச் சீர் செய்ய வேண்டும், தாய்மாமன் நான்தான் என்றார். அந்த மாத டார்கெட்டில் எனக்கு ஒரு எஸ்.யூ.வி. பாக்கி. சின்ன வண்டியின் டிக்கியைத் திறந்து, இதில் இரண்டு சீர்த்தட்டுக்கு மேல் நிற்காதுங்களே என்று சும்மா சொல்வதுபோல் சொன்னேன். பெரியதின் டிக்கியையும் திறந்தேன். அப்புறம் நான் பேசவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவர் பெரிய வண்டியை ஓட்ட, டீச்சர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். திரும்பியதும் டீச்சர், அந்தச் சின்னதையும் ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்றார். ஓட்டிவிட்டால் அதை விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். சின்ன வண்டி சார்ஜில் நிற்கிறது, இப்போது எடுக்க முடியாதுங்க என்றேன். எனக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"செரிங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

கண்ணாடி யாருக்கு

டெலிவரி அன்று சீட்டையும் கண்ணாடியையும் ஓட்டுகிறவர் உயரத்துக்குச் சரி செய்து கொடுப்பது ஜாகிர் பாயின் வேலை. உக்கடத்துக்காரர், எங்கள் ஷோரூமிலேயே மூத்தவர், என் பொய்யைக் கேட்டுக்கொண்டு நின்றவர். டீச்சர் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்ந்தார். வீட்டுக்காரர் ஃபோட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். பாய் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"கண்ணாடிய யாருக்குத் தம்பி திருப்பட்டும், காசு குடுத்தவருக்கா, கார் கேட்டவங்களுக்கா?"

இரண்டு பக்கமும் கீறல்

வருட சர்வீஸுக்கு வண்டி வந்தது. இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்னால் வரை கீறல். வீட்டுக்காரர்தான் விவரம் சொன்னார். டீச்சர் ஒரே ஒருநாள் எடுத்தாராம். இட்டேரியில் எதிரே பால் வண்டி வந்துவிட்டதாம். வேலியை உரசிக்கொண்டே வீடுவரைக்கும் ரிவர்ஸிலேயே வந்தாராம். அன்றோடு சாவியை இவரே வைத்துக்கொண்டார். சீர்த்தட்டு ஏற்றியது தங்கை மகளுக்குச் செய்த அந்த ஒரு தடவைதான். அவர் குற்றம் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அவளுக்குப் போயி இத்தாப்பெரிய வண்டி எதுக்குங்க?"

அன்னூர் பஸ் ஸ்டாப்

போன மாதம் ஒரு வீட்டில் காட்டுவதற்காகச் சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு அன்னூர் போனேன். காலை எட்டு மணி. பஸ் ஸ்டாப்பில் டீச்சர் நின்றிருந்தார். ஒரு கால் மாற்றி ஒரு காலில் பாரத்தைக் கொடுத்தபடி நின்றார். வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, காரமடை வரைக்கும் நீங்களே ஓட்டுங்க டீச்சர், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். தூரத்தில் பஸ் தெரிந்தது. குடையை மடக்கிக்கொண்டே, கோபமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"இன்னைக்காச்சும் சார்ஜ் ஏறிருச்சுங்களா?"

அவர் பஸ் ஏறிப் போனபிறகும் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்தான், அவருக்குப் பெரியதை விற்ற அந்த வருடம் எங்கள் ஷோரூமில் சிறந்த விற்பனையாளர் என்று கேடயம் வாங்கியவன்.