ஒன்பதாம் மாடிச் செடி

வங்கிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தத் தெருவில் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். தண்ணிக்காரம்மா மட்டும் மெதுவாகப் போவாள்; முழங்கால் அப்படி. பதினோரு வருஷமாக ஒரே வங்கியின் மூன்று மாடிகளில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் பிழைப்பு. நாற்பது தொட்டி இருந்தால் முழுநாள் வேலை, ஒன்று குறைந்தாலும் அரைநாள்தான் என்பது செடிகளை வாடகைக்கு விடும் கம்பெனியின் சட்டம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரின் மருந்துக்கு அரைநாள் சம்பளம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஒன்பதாம் மாடிப் பெரிய அதிகாரியின் அறைச் செடி, அவர் மிச்சக் காபியை ஊற்றி ஊற்றியே செத்தது. தொட்டி முப்பத்தொன்பதாகிவிடுமே என்று அவள் கலங்கி நின்றாள். கம்பெனியின் சூப்பர்வைசர் இரக்கப்பட்டு, ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து அசல் போலவே ஒரு பிளாஸ்டிக் செடியைக் கொண்டுவந்து வைத்தான். வாயைத் திறக்காமல் வழக்கம்போல ஊற்றச் சொன்னான்.

ஊற்றினாள். அதிகாரி கண்ணில் படும்படி காலையில் ஒரு குவளை. அவர் கிளம்பியதும் தொட்டியில் தேங்கியதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது. உயிருள்ள முப்பத்தொன்பதும் சேர்ந்துகூட அவளை இந்தப் பாடு படுத்தியதில்லை.

அதிகாரிக்கோ ஒரே பெருமை. மற்றதெல்லாம் ஏசிக் குளிரில் மஞ்சளடித்துக் கிடக்க, இது மட்டும் தளதளவென்று இருக்கிறதே என்று அவளையும் சூப்பர்வைசரையும் கூப்பிட்டு மெச்சினார். "இந்தம்மாவுக்கு ராசியான கை. எல்லா மாடியிலயும் செடி இதே மாதிரிதான் இருக்கணும்" என்று சொல்லி, கம்பெனிக்குக் கடிதமும் எழுதிவிட்டார்.

அவர் மெச்சியது எந்தச் செடி என்று கம்பெனி விசாரித்துத் தெரிந்துகொண்டது. மறு வாரமே நாற்பதும் பிளாஸ்டிக். பழைய செடிகள் சாக்குகளில் அடைபட்டுச் சரக்கு லிஃப்டில் இறங்கின. அவளுக்கு அழுகை வந்தது. அழத்தான் தெம்பு இல்லை.

"இனிமே தண்ணி வேணாங்க்கா. வாரத்துக்கு ஒருநாள் வந்து தூசி தொடைச்சாப் போதுமாம்" என்றான் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஈரத்துணியோடு ஒன்பதாம் மாடிக்குப் போனாள். அதிகாரி முகம் சுளித்தார்.

"என்னம்மா, வாரம் பூரா ஆளையே காணோம்? செடி வாடிடாதா?"

"அது தாங்கும் சார்" என்றாள், இலையைத் துடைத்துக்கொண்டே.