பௌர்ணமி நாளின் அளவீடு

செங்கம் சாலையில், ஆசிரமங்களுக்கு வருவோர் மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தங்கும் வீடுகளுக்கு நடுவே எங்கள் ஆய்வகம் இருக்கிறது. முன்பு அதுவும் அத்தகைய வீடுதான். தடித்த சுவர்கள், சிறிய சன்னல்கள், வெயில் நேராக விழாத கூடம். தியானத்துக்கென்று யாரோ கட்டிய அறை எங்கள் வேலைக்கும் பொருந்திப்போயிற்று. காலையில் கருவிகளை இயக்கிவிட்டு, அவை சூடேறி நிலைப்படும்வரை ஒரு மணி நேரம் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். எதிரே ஆட்டோ நிறுத்துபவர் ஒருநாள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "தியான கிளாஸ் எத்தினி மணிக்கு முடியும்மா? எங்க வீட்டுக்காரியும் சேரணும்னு சொல்றா" என்று கேட்டார்.

செல்பேசிக் கோபுரங்களிலும் ரேடார்களிலும் ஓடும் மின்னலைகளை அளக்கும் கருவிகள் எங்களிடம் வருகின்றன. அவை காட்டும் எண் சரிதானா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது எங்கள் வேலை. ஒரு நொடியில் பல நூறு கோடி முறை துடிக்கும் அந்த அலைகளுக்குச் சிறியது என்று எதுவும் கிடையாது. இரண்டு உலோக முகங்கள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், அலையில் ஒரு பகுதி அங்கே முட்டித் திரும்பிவிடும். அதனால் எந்த எண்ணையும் நாங்கள் தனியாக எழுதுவதில்லை. அதற்குப் பக்கத்தில், இது இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இன்னோர் எண்ணையும் எழுதுகிறோம். அதற்கு நிச்சயமின்மை என்று பெயர். இத்தனை வருடப் பழக்கத்தில், முதல் எண்ணைவிட இரண்டாவது எண்ணின் மேல்தான் எனக்குப் பற்று அதிகம்.

ஆய்வகத்தில் நாங்கள் இருவர். நான் கையெழுத்திடும் பொறுப்பில் இருக்கிறேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவளான என் சக ஊழியை கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தவள். கணவர் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறார். மகன் ஆறாம் வகுப்பு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தவள், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் ஆய்வகம் இருக்கிறது என்று தெரிந்ததும் சம்பளம் குறைந்தாலும் வந்து சேர்ந்தாள். அவள் கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கேபிள் முனையிலுள்ள கனெக்டரைத் திருகும்போது, தூங்கும் குழந்தைக்குக் கொலுசு மாட்டுவது போல மாட்டுவாள்.

அவள் சேர்ந்த மறு ஆண்டு, அதுவரை எங்களோடு இருந்த இன்னொரு கையெழுத்தாளர் வேலையை விட்டுப் போனார். இருவர் கையெழுத்திடாத பிரிவை இங்கே வைத்திருக்க முடியாது, சென்னை அலுவலகத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார் உரிமையாளர். சென்னைக்கு அவளால் போக முடியாது; போகவில்லையென்றால் வேலையில்லை. இரண்டாவது கையெழுத்தாளராக அவள் ஏற்கப்பட வேண்டுமானால், ஆய்வகங்களுக்கிடையேயான ஒப்பீட்டில் தேற வேண்டும். ஒரே பொருள் பல ஆய்வகங்களுக்குப் பெட்டியில் சுற்றிவரும். ஒவ்வொருவரும் அளந்து அனுப்பிய எண்ணை, அதை முதலில் அளந்த பெரிய ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் நிச்சயமின்மைக்குள் அடங்கினால் தேர்ச்சி.

பெட்டி வந்தது. உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோக உருளை. ஒரு முனையில் நுழையும் மின்னலையை நூறில் ஒரு பங்காகக் குறைத்து மறுமுனையில் விடுகிற அட்டெனுவேட்டர். நான்கு நாள் எங்களிடம் இருக்கும். நான்காம் நாள் மாலை கூரியரில் அடுத்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். முதல் நாள் அவள் ஐந்து முறை கழற்றி மாட்டி அளந்தாள். ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அன்று மாலை பையிலிருந்து வேகவைத்த வேர்க்கடலையை எடுத்து வைத்து, "மல்லாட்ட சாப்புடுங்கக்கா, எங்க கொல்லையில இந்த வருஷம் மொத மொத புடுங்கினது" என்று சிரித்தாள்.

இரண்டாம் நாள் பௌர்ணமி. விடிவதற்குள் மலையைச் சுற்றி முடித்து, ஓர் உருண்டை விபூதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்கு வந்தேன். காவலாளியின் நெற்றியில் இட்டேன், எனக்கும் இட்டுக்கொண்டேன். பௌர்ணமியன்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அவள் அங்கிருந்து கூட்டத்தில் நடந்து வர வேண்டும். அவளுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று, அந்நாளின் முதல் இணைப்பை நானே செய்து வைத்தேன். வேர்த்து விறுவிறுக்க வந்தவளின் நெற்றியிலும் விபூதி இட்டு, "எல்லாம் ரெடி, நீ அளந்துக்க" என்றேன்.

அன்றைய எண்கள் கெட்டிருந்தன. குறைந்த அதிர்வெண்ணில் ஒன்றும் தெரியவில்லை. மேலே போகப் போக, முதல் நாள் கண்ட இடத்திலிருந்து விலகிக்கொண்டே போயின. திரும்பி வரும் அலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

தகவல் தெரிந்து உரிமையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பௌர்ணமி மேடம். ஊர்ல அத்தனை லட்சம் செல்போன். சிக்னல் உள்ள பூந்திருக்கும், வேற என்ன?" எங்கள் கேபிள்கள் உலோக உறைக்குள் இருப்பவை. இருந்தாலும் சோதித்தோம். அலை எதையும் அனுப்பாமல் கருவியை வெறுமனே கேட்கவிட்டோம். மலையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த அந்த மத்தியானத்தில் திரை அமைதியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவள் முகம் வாடியிருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கேட்காமலே தெரிந்தது. நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கனெக்டருக்குனு ஒரு பங்கு நிச்சயமின்மை போடறோம் இல்ல, அதைக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிடலாம். ரெண்டு நாள் நம்பரும் உள்ள அடங்கிடும். நீ தேறிடுவே."

அவள் கேபிளின் வளைவை நீவிவிட்டாள்.

"தேறிடலாம்க்கா. ஆனா என்னா ஆச்சுனு தெரியாததுக்கு ஒரு நம்பர் போட்டு மூடறா மாதிரி ஆவுதே. அந்த நம்பர் நாளைக்கி நான் போடற ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னாடியே வரும்."

"வேலை போயிடும்மா."

"தெரியும். இன்னிக்கு ஒரு நாள் இருக்குதில்ல? பாத்துட்டு அப்பறம் போவட்டும்."

அவள் மேல் கொண்ட பிரியத்தால் நான் நீட்டிய எண் அது. அதை அவள் கோபப்படாமல், கைமாற்றாக வந்த பாத்திரத்தைத் திருப்பித் தருவது போல, என்னிடமே தந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கழற்றினோம். அவள் கனெக்டரின் வாயை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் குனிந்தாள், வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தாள். நான் பார்த்தேன். வெளி வளையத்தின் பளபளப்பில், இரு முகங்கள் சேருமிடத்தில், நசுங்கிப் படிந்த வெண்மையான துகள்கள். நாங்கள் துடைக்கப் பயன்படுத்தும் பஞ்சு இப்படி நசுங்காது. சுவர்ச் சுண்ணாம்பு அந்த அறையில் கிடையாது.

"பதிவேடு எங்கே?" என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வோர் இணைப்புக்கும் நேரம், வெப்பநிலை, இணைத்தவர் என்று அவள் கோடு கிழித்து வைத்திருந்தாள். பௌர்ணமி நாளின் முதல் வரியில், அவளுடைய உருண்டையான எழுத்தில், 'இணைத்தவர்: அக்கா' என்று இருந்தது.

எங்கள் ஊரில் விபூதி அழுக்கல்ல. எண்ணெய்க் கையோடு நான் ஒரு கனெக்டரைத் தொட்டிருக்க மாட்டேன். குங்குமக் கையோடும் தொட்டிருக்க மாட்டேன், அது கறைபடும். விபூதி பட்ட விரல்களைக் கழுவ வேண்டும் என்று தோன்றவே இல்லை; முந்தானையில் துடைத்ததுகூட எனக்கு நினைவில்லை.

"உனக்கு நேத்தே சந்தேகம் வந்துதா?"

"சாயந்திரம் வந்துதுக்கா."

"சொல்லிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்றது? நீங்க எனக்குனு எடுத்தாந்து வச்சி விட்டீங்க. அதப் போயி தூசின்னா..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி மேல கேஸ் போடறா மாதிரி இருக்காதா?"

நானும் சிரித்தேன். ஆனால் கண்ணில் நீர் வந்தது. வேலை போகும் நிலையிலும், அவள் எழுதிய அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் என்மேல் சொல்லவில்லை.

பஞ்சில் ஆல்கஹால் நனைத்து அவள் துடைத்தாள். உலோகத்தில் கீறல் இல்லை என்று இருவரும் மாறி மாறிப் பார்த்து உறுதிசெய்தோம். அதன்பின் நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அளப்பவர் தனியாகவே அளக்க வேண்டும் என்ற ஒப்பீட்டு விதிப்படி நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். ஐந்து முறை மாட்டிக் கழற்றி அவள் தனியாக அளந்தாள். ஐந்தும் முதல் நாளின் எண்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.

பெட்டியோடு போக வேண்டிய அறிக்கையை அவளும், தவற்றைப் பதியும் படிவத்தை நானும் எழுதினோம். உரிமையாளர் தொலைபேசியில் படிவத்தைப் படிக்கக் கேட்டுவிட்டு, "மேடம், உங்க பேரு எதுக்கு அதுல? தூசினு மட்டும் போடுங்க, போதும்" என்றார்.

"தூசி தானா வந்து உக்காரலைங்க சார். அவ கை மேல சந்தேகம் நிக்கக் கூடாது."

இரண்டாம் நாள் எண்களை மறைக்காமல், காரணத்தோடு சேர்த்து அனுப்பினோம். நிச்சயமின்மை எண் பழைய அளவிலேயே இருந்தது. முடிவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று.  ஒரு காலை, மின்னஞ்சலைத் திறந்தவள் திரையைப் பார்த்தபடியே என் பக்கம் கையை நீட்டினாள்.  அவளுடைய வித்தியாசம், அனுமதிக்கப்பட்ட எல்லையில் பாதியைக்கூடத் தொடவில்லை. பிரிவு இங்கேயே இருந்தது.

முதல் சான்றிதழில் கையெழுத்திடும் முன் அவள் பேனாவை ஒருமுறை வேறொரு தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள்.

இப்போதும் நான் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிவிட்டு வருகிறேன். அவள் எனக்கு முன்பே வந்து வாசலில் நிற்கிறாள். "கையக் காட்டுங்கக்கா" என்கிறாள். பள்ளிப் பிள்ளையைப் போல இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டுகிறேன். புரட்டிப் பார்த்து, விரலிடுக்குகளையும் பார்த்து, சோப்பைக் கையில் வைக்கிறாள். மடித்த காகிதம் என் பையிலேயே காத்திருக்கிறது. மாலையில் கருவிகளை அணைத்து, கனெக்டர்களுக்கு மூடி போட்டு, கதவைப் பூட்டிய பிறகு அவள் படியில் ஒரு கணம் நின்று, நெற்றியை என் பக்கம் சாய்க்கிறாள்.